பொங்கலுக்கு ஒரு ஹிப்ஹாப் ஆல்பம்: யாருக்கு எதை, எப்படிக் கொடுப்பது

டெல்டாவில் பாட்டைப் பரிசாகக் கொடுப்பது புதுப் பழக்கம் இல்லை. கேசட் காலத்தில் கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி என்று எந்த ஊருக்குப் போனாலும் ரெக்கார்டிங் கடை இருந்தது. கோடு போட்ட தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட கேசட்டா தொண்ணூறா என்று சொல்லிவிட்டு வந்தால் போதும், சில நாளில் கேசட் தயாராகிவிடும். கல்யாணமாகிப் போகிற அக்காவுக்கு, சிங்கப்பூர் கிளம்புகிற மாமாவுக்கு என்று அப்படிப் பதிந்து கொடுத்தவர்கள் நிறையப் பேர். இப்போது எல்லாப் பாட்டும் எல்லோர் போனிலும் கிடைப்பதால் அந்த வழக்கமே விட்டுப்போய்விட்டது. அதை இந்தப் பொங்கலுக்கு ஹிப்ஹாப் ஆல்பத்தோடு திரும்பத் தொடங்கலாம் என்பது என் ஆசை.

இந்தக் கட்டுரை இரண்டு வகை ஆட்களுக்கானது. வீட்டுப் பிள்ளை நாள் முழுக்க ராப் (ஹிப்ஹாப்பில் தாளத்தோடு பேசுகிற மாதிரி சொல்லும் பாட்டு) கேட்கிறது, அதற்குப் பிடித்த மாதிரி எதையாவது வாங்கித் தரவேண்டும், ஆனால் அந்த இசையில் தலையும் தெரியவில்லை வாலும் தெரியவில்லை என்கிற சித்தப்பா, அத்தைமார் ஒரு வகை. தான் ரசிப்பதை வீட்டில் இன்னொருவரும் கேட்கமாட்டாரா என்று தவிக்கிற பிள்ளைகள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஆல்பத்தை மட்டும் நீட்டினால் அது பாதிப் பரிசு. எந்தப் பாட்டில் தொடங்குவது, அதில் என்ன நடக்கிறது என்று உங்கள் கையால் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். அப்போதுதான் அது முழுசாகும்.

முதலில்: அவர் எதில் கேட்கிறார்?

ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஹிப்ஹாப்பின் உயிர் அடி ஓசையில் இருக்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கரில் வைத்தால் பேஸ் முழுக்கக் காணாமல் போய், யாரோ வேகமாகத் திட்டுவது மாதிரி மட்டும் கேட்கும். "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று பெரியவர்கள் கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். போனில் மட்டும் கேட்பவர் என்றால் ஒரு சுமாரான வயர் இயர்போனையும் சேர்த்துக் கொடுங்கள். கார், டிராக்டர் ஸ்பீக்கரில் கேட்பவருக்குப் பென்டிரைவ் சரி. வீட்டுக் கூடத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிற குடும்பம் என்றால் வார்த்தைகளைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

எவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் கேட்க முடியும் என்பதும் முக்கியம். தினமும் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கல்லூரி பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் லமாரின் 'ஜிஎன்எக்ஸ்' ஆல்பம் 44 நிமிடம்தான். ஏறி உட்கார்ந்து தொடங்கினால் இறங்கும் முன் முடிந்துவிடும். இன்னொரு அமெரிக்க ராப்பர் டைலர் தி கிரியேட்டரின் 'டோன்ட் டேப் த கிளாஸ்' அரை மணிக்கும் குறைவு, பாபநாசம் தாண்டும்போதே முடிந்துவிடும். புதிதாகக் கேட்பவருக்குச் சின்ன ஆல்பம்தான் நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற ஆல்பத்தை முதல் தடவையே யாரும் முடிக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்லிக் கொடுங்கள். ஆல்பம் என்றால் சினிமாவுக்குப் போட்ட ஐந்தாறு பாட்டு என்றே நமக்குப் பழகிவிட்டது. அதில் எந்தப் பாட்டை முதலில் போட்டாலும் ஒன்றுதான். நல்ல ஹிப்ஹாப் ஆல்பம் அப்படி இல்லை, வரிசையோடு கேட்கவேண்டியது. ஒரு பாட்டின் கடைசியில் வரும் பேச்சு அடுத்த பாட்டுக்கு வழி விடும். அதனால் பாட்டுகளை வரிசை கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

வார்த்தைகள் விஷயம்

இதை மறைத்துப் பயனில்லை. ஆங்கில ராப்பில் கெட்ட வார்த்தை நிறைய வரும், போதைப்பொருள் விற்பனை வரும், துப்பாக்கி வரும். செயலிகளில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டிக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது கடுமொழி உள்ள பாட்டு. சிடி, இசைத்தட்டு அட்டைகளில் பெற்றோருக்கான எச்சரிக்கையாகக் கறுப்பு வெள்ளை முத்திரை இருக்கும். பெரிய கலைஞர்களின் பல ஆல்பங்களுக்கு 'க்ளீன்' பதிப்பும் உண்டு, தேடிப் பாருங்கள். அதில் அந்த வார்த்தைகள் மட்டும் வெட்டப்பட்டிருக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைக்கு அதுதான் சரி. ஆச்சி உட்கார்ந்திருக்கும் கூடத்தில் போடவும் அதுதான் சரி.

வாங்கும் முன் செயலியிலேயே வரிகளைத் திறந்து இரண்டு மூன்று பாட்டுகளையாவது படித்துவிடுங்கள். உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதா இல்லையா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் வார்த்தை கெட்டது என்பதற்காக ஆல்பத்தையே ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் என்ன வாழ்க்கை இருக்கிறது என்பதைச் சொல்வதற்குத்தான் நீங்கள் எழுதப்போகும் அந்த ஒரு பக்கம்.

2025ல் வந்தவற்றில் என் தேர்வு

அம்மா அப்பாவை இழந்தவருக்கு, அல்லது அவர்களை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கிறவருக்கு, கிளிப்ஸ் இரட்டையரின் 'லெட் காட் சார்ட் எம் அவுட்' கொடுப்பேன். ஜூலையில் வந்தது. கிளிப்ஸ் என்றால் புஷா டி, மாலிஸ் என்ற அண்ணன் தம்பி இருவர், வர்ஜீனியாக்காரர்கள். 2009க்கு அப்புறம் இருவரும் சேர்ந்து போட்ட முதல் ஆல்பம் இது. இசை அமைத்தவர் அவர்களுடைய பழைய கூட்டாளி ஃபாரெல் வில்லியம்ஸ். இருவரின் அம்மாவும் அப்பாவும் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். முதல் பாட்டு அதைப் பற்றித்தான். தம்பி புஷா டி அம்மாவிடம் பேசுகிறார், அண்ணன் மாலிஸ் அப்பாவிடம் பேசுகிறார். அப்பாவின் வீட்டு வாசலில் கார் நிற்கிறது, ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று தெரிகிறது, கதவைத் தட்டுகிறார், மூன்றாவது தட்டுக்கும் பதில் இல்லை, உடம்பு சில்லிட்டுப்போகிறது. அந்த இடத்தை மாலிஸ் சொல்லும்போது குரலை உயர்த்துவதே இல்லை. கேட்ட பிறகு வெகு நேரம் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. மற்ற பாட்டுகளில் போதை வியாபாரப் பேச்சு ஏராளம். அதனால் இது வளர்ந்தவர்களுக்கு மட்டும்.

தங்கைக்கோ அத்தை மகளுக்கோ என்றால் யோசிக்கவே வேண்டாம், லிட்டில் சிம்ஸின் 'லோட்டஸ்'. லண்டனில் வளர்ந்த ராப் பாடகி, பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள். இதற்கு முந்தைய ஆல்பங்களில் ஒன்றுக்காக 2022ல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசு வாங்கியவர். 'லோட்டஸ்' 2025 ஜூனில் வந்தது. பல வருடம் கூட இருந்து இசை அமைத்தவரோடு உறவு முறிந்த பிறகு செய்த ஆல்பம் என்பதால் முதல் பாட்டே கோபமாகத் தொடங்கும். போகப்போக அந்தக் கோபம் கரைந்து, தன்னைத் தானே சந்தேகிப்பது, பயம், தனிமை என்று எங்கெங்கோ போய்வரும். கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்து வாசித்தவை. அதனால் கம்ப்யூட்டர் சத்தம் பிடிக்காதவர்களுக்கும் இது ஒத்துவரும். இங்கிலாந்து உச்சரிப்பு என்பதால் நம் காதுக்கு வார்த்தைகள் சீக்கிரம் பிடிபடும் என்பது கூடுதல் வசதி.

கல்லூரிப் பையன்களுக்கு, முக்கியமாக விளையாட்டு, ஜிம் என்று அலைகிறவர்களுக்கு, ஹனுமான்கைண்டின் 'மான்சூன் சீசன்'. மலப்புறத்தில் பிறந்து அமெரிக்காவின் ஹூஸ்டனில் வளர்ந்த மலையாளி ராப்பர். 2025 மார்ச்சில் வந்த அவருடைய 'ரன் இட் அப்' பாட்டில் செண்டை மேளம் அதிரும். அதே வருடம் கோச்செல்லா விழா மேடையிலும் செண்டைக்காரர்களோடுதான் ஏறினார். கோயில் வாசலில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த அதிர்வு அந்நியமாக இருக்காது.

ஐம்பது வயதைத் தாண்டிய, இங்கிலீஷ் பாட்டு கொஞ்சம் கேட்கிற மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்கு டி லா சோலின் 'கேபின் இன் த ஸ்கை'. 1989ல் முதல் ஆல்பம் போட்ட அமெரிக்கக் குழு. அவர்களில் ஒருவரான டேவ் 2023 பிப்ரவரியில் இறந்துபோனார். மற்றவர்களுடைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்துப் பயன்படுத்திய துண்டுகளின் உரிமைச் சிக்கலால் இவர்களின் பழைய ஆல்பங்கள் 2023 மார்ச் வரை எந்தச் செயலியிலும் முறையாக வரவில்லை. டேவ் அதைப் பார்க்க இல்லை. புது ஆல்பத்தில் அவர் குரல் இருக்கிறது. சிரிப்பும் நினைவும் கலந்த ஆல்பம், கடுமொழியும் மற்றவற்றை விடக் குறைவு.

டைலரின் ஆல்பம் ஆடுவதற்கு. கேட்பவர் உட்கார்ந்து யோசிக்கிற ரகம் என்றால் வேண்டாம். அமெரிக்க ராப்பர் பில்லி வுட்ஸின் 'கோலிவாக்' என்னை மிகவும் பாதித்தது. ஆனால் இருட்டும் பயமும் நிறைந்தது, புதியவருக்குக் கொடுத்தால் அடுத்து எதையும் கேட்கமாட்டார். அது இரண்டாவது பொங்கலுக்கு.

தமிழில் நுழைய வேண்டும் என்றால்

இங்கிலீஷே வேண்டாம் என்பவருக்கும் வழி இருக்கிறது. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' 2006ல் வந்தது. தமிழ் ராப் கேட்கிற எவரும் அதற்குக் கடன்பட்டவர்தான். ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' 2012. அந்தக் குழுவின் ஆதியையும் ஜீவாவையும் சினிமா வழியாக மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு அதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் என்று காட்ட இது நல்ல பரிசு.

எனக்கு மனசுக்கு நெருக்கம் ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019ல் போட்ட 'தெருக்குரல்'. சாதி, நிலம், அதிகாரம் என்று நேராகப் பேசும். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோன மண்ணில் இருந்துகொண்டு, கூலிக்காரர் வீட்டுக் கதையைத் தாளத்தோடு கேட்பது வேறு அனுபவம். அரசியல் பேசுகிற தம்பிக்கு வேறு எதையும் தேட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப்பர் ஷான் வின்சென்ட் டி போலின் 'மேட் இன் ஜாஃப்னா' 2021ல் வந்தது. பெரும்பாலும் ஆங்கிலம், ஆனால் மனசு முழுக்க நம் ஆட்களுடையது.

மிருதங்கம், தவில் கற்கிறவர் வீட்டில் இருந்தால்

டெல்டாவில் இந்த வாய்ப்பு அதிகம், அதனால் தனியாகச் சொல்கிறேன். ஷான் வின்சென்ட் டி போலும் யான்சன் என்கிற மிருதங்கக் கலைஞரும் சேர்ந்து 'மிருதங்கம் ராப்ஸ்' என்று ஒரு வரிசை செய்திருக்கிறார்கள். மிருதங்கச் சொல்லும் ராப்பும் ஒன்றை ஒன்று துரத்தும். முதலில் அதைப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் எந்த ராப் பாட்டையும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பாட்டுகள் நாலு நாலாக எண்ண வரும், ஆதி தாளம் போட்டாலே கூடப் போகலாம். நாலுக்கு மேல் மூன்று மூன்றாகச் சொற்கள் விழும் இடம் ஒன்று வரும். மிகோஸ் என்ற அமெரிக்க ராப் குழு 2013 வாக்கில் பரவலாக்கிய பாணி அது. திஸ்ர நடை தெரிந்த பிள்ளை அதைக் கேட்ட உடனே நிமிர்ந்து உட்காரும். சொற்கட்டு சொல்லிப் பழகிய ஒருவருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் ராப் புரியும். திருவையாறு ஆராதனைக்கு வருடம் தவறாமல் போகிற பெரியவரிடம்கூட இந்த வழியில் பேசலாம்.

பழைய ஆல்பம் ஒன்றையும் சேர்க்க நினைத்தால் அமெரிக்கப் பாடகி லாரின் ஹில்லின் 'த மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' போதும். 1998ல் வந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கிய முதல் ஹிப்ஹாப் ஆல்பம். ராப் பாதி, பாடுவது பாதி, நடுநடுவே வகுப்பறைப் பேச்சு. தன் பிள்ளைக்காக அவர் பாடிய பாட்டில் கார்லோஸ் சன்டானா கிட்டார் வாசித்திருப்பார். அக்காவுக்கு, அண்ணிக்கு, புதிதாகத் தாயானவருக்கு இதை விடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

எந்த வடிவில் கொடுப்பது

செலவில்லாத வழி: செயலியில் ஆல்பத்தின் இணைப்பை எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு செயலியில் கியூஆர் கோடாக மாற்றி, ஆல்பத்தின் அட்டைப் படத்தோடு சேர்த்து ஜெராக்ஸ் கடையில் கெட்டித் தாளில் கலர் பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் உங்கள் எழுத்துக்கு. இலவசக் கணக்கில் நடுவில் விளம்பரம் வந்து வரிசையைக் கெடுக்கும், முடிந்தால் ஒரு மாதச் சந்தாவையும் கட்டிக் கொடுங்கள்.

கோப்பாகவே வேண்டும் என்றால் பேண்ட்கேம்ப் தளத்தில் பாருங்கள். சொந்தமாக வெளியிடுகிற கலைஞர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள், வாங்கும்போதே பரிசாக அனுப்பும் வசதி உண்டு, காசில் பெரும்பங்கு கலைஞருக்கே போகும். பெறுபவர் இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம். எங்கிருந்தோ திருட்டுத்தனமாக இறக்கி நிரப்பிக் கொடுப்பதைப் பரிசு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இசைத்தட்டு அழகானதுதான், ஆனால் முதலில் அவரிடம் ப்ளேயர் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தட்டு ஒன்று ஆயிரக்கணக்கில் ஆகும். நேராக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் காத்திருப்பும் சேரும். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து பொங்கலுக்கு வருகிற சொந்தக்காரரிடம் சொல்லி வைப்பது எளிது. கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்: விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும், விரல் ரேகை பள்ளத்தில் படக்கூடாது. படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மத்தியானம் விட்டால் தட்டு வளைந்துவிடும், பிறகு சரியாகாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் ஈரம் ஏறும் சுவர் ஓரத்தில் வைக்காதீர்கள், அட்டையில் பூஞ்சை பிடிக்கும்.

அந்த ஒரு பக்கம்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஆல்பத்தின் விமர்சனம் எழுதாதீர்கள். ஒரே ஒரு பாட்டை எடுத்து, அதில் யார் யாரிடம் பேசுகிறார், ஏன் உங்களுக்கு இந்த ஆள் ஞாபகம் வந்தது என்று மட்டும் எழுதுங்கள். தங்கைக்கு 'லோட்டஸ்' கொடுப்பதானால் இப்படி:

"தங்கச்சி, இதில் 'பிளட்' என்கிற பாட்டை முதலில் கேள். அண்ணனும் தங்கையும் போனில் பேசுகிற மாதிரியே போகும். பாசமும் கோபமும் கலந்த பேச்சு. நீ சென்னை போன புதிதில் நாம் போனில் சண்டை போட்டது எனக்கு ஞாபகம் வந்தது. இங்கிலீஷ் வேகமாக இருந்தால் வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டாவது தடவை கேள். அப்புறம் முதலிலிருந்து வரிசையாகப் போ. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன்."

இடம் இருந்தால் ஹிப்ஹாப் எங்கே தொடங்கியது என்றும் இரண்டு வரி சேர்க்கலாம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், பள்ளிக்கூடம் திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க சின்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு நடன விருந்து வைத்தார். அதில் பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, ஆட்டத்துக்கு ஏற்ற டிரம்ஸ் பகுதியை நீட்டிக்கொண்டே போவது அவர் பாணி. அதன் மேல் பேசத் தொடங்கியதுதான் ராப்பாக வளர்ந்தது. புதுத் துணிக்காக நடந்த விருந்து என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் சட்டென்று மனசில் நிற்கும்.

எப்போது கொடுப்பது

போகி அன்று வீடு தலைகீழாகக் கிடக்கும். பொங்கல் அன்று காலை பானை, பூஜை, வருகிறவர் போகிறவர் என்று யாருக்கும் நிற்க நேரமிருக்காது. மாட்டுப் பொங்கலும் அப்படித்தான். சீர்த்தட்டோடு சேர்த்து வைத்தால் கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் அடியில் போய்விடும். காணும் பொங்கல் மத்தியானம்தான் தோது. சாப்பாடு முடிந்து திண்ணையிலோ மொட்டை மாடி நிழலிலோ கால் நீட்டும் நேரத்தில் கையில் கொடுங்கள். இயர்போனில் ஒரு காது உங்களுக்கு, ஒரு காது அவருக்கு என்று அந்த ஒரு பாட்டை மட்டும் சேர்ந்து கேளுங்கள். முழு ஆல்பத்தையும் அங்கேயே கேட்க வைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். மீதியை அவர் ஊர் திரும்புகிற பஸ்ஸிலோ ரயிலிலோ தனியாகக் கேட்கட்டும்.

ஒரு வாரம் கழித்துப் போன் போட்டால் "நல்லா இருந்துச்சா" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்துச்சு" என்று ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். எந்தப் பாட்டை இரண்டாவது தடவை போட்டுக் கேட்டார் என்று கேளுங்கள். அடுத்து எதைக் கொடுப்பது என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.